சாக்குக் கட்டிய மணி

பேய், அருள்வாக்கு, அற்புதம் என்று எதையும் நான் நம்பியவன் இல்லை. எனக்கு இருந்த ஒரே பித்து, எது எந்த வருஷம், எந்த மாதம் நடந்தது என்று சரிபார்ப்பது. அருப்புக்கோட்டை வட்டாரத்துக் கல்வெட்டு, பஞ்சம், கண்மாய் உடைப்பு எனக் கிடைத்ததையெல்லாம் படித்து ஆண்டுவாரியாக அடுக்கி வைப்பவன். யாராவது “அந்தக் காலத்துல” என்று ஆரம்பித்தால் “எந்த வருஷம்?” என்று குறுக்கே கேட்டு அவர்கள் வாயை அடைத்துவிடுவேன். என் மனைவி இதற்காகவே என்னோடு கல்யாண வீடுகளுக்கு வருவதில்லை. அப்படிப்பட்டவன் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தாலும் சரி.

தொண்ணூறாம் ஆண்டு, பெரிய வெள்ளிக்கிழமை. அந்த வருஷம் பங்குனியின் கடைசி நாளும் அதுதான், மறுநாள் சித்திரை பிறந்தது. சரிபார்க்க வேண்டுமானால் பழைய பஞ்சாங்கத்தைப் பாருங்கள்.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் பக்கம், ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் நான் அப்போது வரலாற்று ஆசிரியர். ஊர்ப் பெயர் வேண்டாம். நாங்கள் நெசவுக் குடும்பம், வீட்டில் கன்னடம், கும்பிடுவது சௌடம்மனை. அதற்காக அந்தப் பள்ளியில் யாரும் என்னை வேற்று ஆளாக நினைத்ததில்லை. தலைமை ஆசிரியை சிஸ்டர் பிலோமினா “நாகராஜ் சார் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் இந்து” என்பார். மற்ற நாளெல்லாம் அவர் எனக்கு அவ்வளவு வேலை கொடுப்பார்.

ஓலைக் கொட்டகையில் இருந்த பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்கியவர் அவர். எங்கள் பிள்ளைகள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முதல் பஸ் பிடித்து அருப்புக்கோட்டை போக வேண்டியிருந்தது. ஒரு வருஷம் பஸ் வழியில் நின்றுபோய், ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளைகள் கணக்குப் பரீட்சை எழுதாமல் அழுதுகொண்டே திரும்பி வந்தார்கள். அன்று முதல் சிஸ்டர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். பள்ளியிலேயே பரீட்சை எழுத அந்த வருஷம்தான் முதன்முறையாக அனுமதி கிடைத்தது. ஈஸ்டர் முடிந்ததும் பரீட்சை.

இனி மணி விஷயம். பெரிய வியாழன் சாயங்காலப் பூசையில் ஒருமுறை அடித்தால், உயிர்ப்புத் திருவிழாவான ஈஸ்டர் வரைக்கும் கோயில் மணி அடிக்கக்கூடாது. அதற்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். எப்போதோ ஒரு வெள்ளிக்கிழமை பையன்கள் விளையாட்டாக மணிக்கயிற்றை இழுத்து, ஊரே அபசகுனம் என்று பதறியதாம். அதிலிருந்து மணியின் நாக்கில் சாக்கைச் சுற்றிக் கட்டிவிடுவது அந்த ஊர் வழக்கம். அது கோயில்பிள்ளை சவரிமுத்துவின் வேலை. கோயிலைப் பெருக்கி, மணியடித்து, விளக்கேற்றுகிற அவருக்கு அந்த முறை கால் வீங்கியிருந்தது. அதனால் வியாழன் இரவு நான் வெளி ஏணியில் ஏறிக் கட்டினேன். அறுந்த இழையைச் சேர்க்க எங்கள் வீட்டில் போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகுமே தவிர அவிழாது.

கீழே நின்று இழுத்துப் பார்த்த சிஸ்டர், “ஆண்டவரே வந்து இழுத்தாலும் சத்தம் வராது போலயே சார்” என்று சிரித்தார்.

மறுநாள் உச்சிவேளையில் சிலுவைப்பாதை புறப்பட்டது. பங்குச் சாமியார், ஊர் ஜனம், விடுதிப் பிள்ளைகள் எல்லோரும் போனார்கள். கோயிலிலிருந்து ஊருக்குள் சுற்றி, கண்மாய்க் கரை வழியாகக் கல்லறைத் தோட்டத்தில் முடியும். வழி நெடுக இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பதினான்கு ஸ்தலங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வீட்டார் பொறுப்பு, வாசலில் முக்காலி போட்டு, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபமும் மெழுகுவர்த்தியும் வைப்பார்கள். மாட்டு வண்டியில் குழாய் ரேடியோவைக் கட்டி, ஸ்தலம் ஸ்தலமாக அறிவித்துப் பாடிக்கொண்டு போவார்கள். பள்ளியிலிருந்தே கேட்கும்.

சிஸ்டருக்கு அவ்வளவு தூரம் நடக்க முடியாது. சர்க்கரை நோய். பரீட்சைக்கு பெஞ்சுகளில் எண் எழுத வேண்டும் என்று என்னையும் நிறுத்திக்கொண்டார். எண்ணெழுதும் தகடும் பெயிண்ட் டப்பாவும் மணிக்கூண்டின் அடி அறையில் இருந்தன. அந்த அறைதான் பள்ளியின் ஸ்டோர்.

கூண்டின் நிழலில் நின்று சாவிக்கொத்தில் சாவி தேடினார். ஊருக்குள்ளிருந்து “ஏழாம் ஸ்தலம், இயேசு இரண்டாம் முறை குப்புற விழுகிறார்” என்று கேட்டது. சிஸ்டர் சாவி தேடுவதை நிறுத்திவிட்டு, கண்ணுக்குமேல் கையை வைத்து மேலே பார்த்தார்.

“சார், மணிய நல்லா இறுக்கித்தானே கட்டுனீங்க?”

“நீங்கதானே இழுத்துப் பார்த்தீங்க சிஸ்டர்.”

“ஆமா, ஆமா” என்றார்.

பிறகு நிழலில் உட்கார்ந்து, எந்த பெஞ்சு எந்த அறைக்கு என்று நெடுநேரம் பேசினோம். எட்டாம் ஸ்தலம் போனது. அப்புறம்தான் பூட்டைத் திறந்து உள்ளே போனோம். தகட்டை எடுக்க நான் குனிந்தபோது ஒன்பதாம் ஸ்தலத்தை அறிவித்தார்கள், இயேசு மூன்றாம் முறை விழுவது. அந்தப் பாட்டு முடிவதற்குள், அந்தக் காட்டில் பங்குனியில் எழும்புகிற சுழல்காற்று ஒன்று செம்மண்ணை வாரிக்கொண்டு வந்து கதவை அறைந்து சாத்தியது. வெளியே கொண்டி விழுந்த சத்தம் கேட்டது. ஒன்பதாம் ஸ்தலம், இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சிரித்தோம். கதவைத் தள்ளினேன், தோளால் இடித்தேன். இரும்புத் தகடு அடித்த பழைய கதவு, அசையவில்லை. தலைக்கு மேல் கைகூட நுழையாத காற்றுத் துவாரம் ஒன்று. கத்தினேன். விடுதியில் ஆளில்லை, சமையல்காரம்மாகூடச் சிலுவைப்பாதைக்குப் போய்விட்டார். சுவரெல்லாம் சூளை மாதிரி கொதித்தது. சுண்ணாம்பு, வௌவால் எச்சம், மண்ணெண்ணெய் என்று மூச்சுக்குள் வாடை ஏறியது.

“விடுங்க சார், சுத்திட்டு வந்துருவாங்க. அதுவரைக்கும் நாமளும் ஜெபிப்போம். நீங்க உங்க அம்மனைக் கும்பிடுங்க” என்று சிஸ்டர் கிறிஸ்துமஸ் குடில் பெட்டியின்மேல் உட்கார்ந்தார்.

பத்தாம் ஸ்தலம் கேட்டபோது அவர் நெற்றி வேர்த்துக் கொட்டியது. வெயில் என்று நினைத்தேன். விரல்கள் நடுங்கின. என் சித்தப்பாவுக்குச் சர்க்கரை இறங்கும்போது இப்படிப் பார்த்திருக்கிறேன்.

“சிஸ்டர், காலைல என்ன சாப்பிட்டீங்க?”

“இன்னைக்கு ஒருசந்தி.”

“மாத்திரை?”

“அது போட்டாச்சே. டாக்டர் விடக்கூடாதுன்னிருக்காரே.”

மாத்திரை டாக்டர் சொன்னது, ஒருசந்தி நோன்பு திருச்சபை சொன்னது. இரண்டையும் மீறக்கூடாது என்று இரண்டையும் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறார்.

அறையைக் கவிழ்த்தேன். விளையாட்டு விழாவுக்கு வாங்கிய குளுக்கோஸ் டப்பா ஒன்று அலமாரியில் இருந்தது. கையில் எடுத்தால் கனமாக இருந்தது. சௌடம்மா என்று வாய்விட்டுச் சொல்லி மூடியைத் திறந்தேன். உள்ளே ஆணிகள்.

பதினோராம் ஸ்தலம். சிஸ்டர் என்னை வேறு யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மாட்டைக் கட்டச் சொன்னார்.

அறையின் நடுவில், மேல்தளத்துத் துளை வழியாக மணிக்கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தேன். மேலே மெத்தையை அடிப்பதுபோல் பொத், பொத் என்றது. அவ்வளவுதான். என் முடிச்சு எனக்குத் தெரியும். இழுக்க இழுக்க அது மேலும் இறுகிக்கொண்டிருக்கும் என்பதும் தெரியும். தெரிந்தேதான் இழுத்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

சிஸ்டர் கண்ணைத் திறக்காமலே, தெளிவாக, வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னார்: “அதான் அடிச்சாச்சே சார். விடுங்க.”

பிதற்றல் என்று நினைத்து விடாமல் இழுத்தேன்.

“பன்னிரண்டாம் ஸ்தலம், இயேசு சிலுவையில் உயிர்விடுகிறார்” என்றது குழாய் ரேடியோ. அந்த இடத்தில் எல்லோரும் முழங்காலிட்டுப் பேசாமல் இருப்பார்கள். பாட்டு இல்லை, ஜெபம் இல்லை. அந்த மௌனத்தில் சிஸ்டர் பெட்டியிலிருந்து சரிந்தார். மடியில் தாங்கினேன். கூப்பிட்டேன், பதில் இல்லை. நம்புவீர்களோ மாட்டீர்களோ, அந்த மௌனம் போல நீளமான ஒன்றை நான் வாழ்க்கையில் அனுபவித்ததில்லை.

அப்போதுதான் வெளியே ஒரு குரல் கேட்டது.

“எவன்லே அது? பெரிய வெள்ளிக்கிழம மணியடிக்கிற வெளங்காத பய எவன்லே? கையில கெடச்ச, தோல உரிச்சுப்புடுவேன்!”

கோயில்பிள்ளை சவரிமுத்து. நான் கதவைக் காலால் உதைத்தேன்.

“சாரா? உள்ள என்ன சார் பண்றீக? படிச்ச மனுசன், மணிய அடிக்கலாமா?”

“கொண்டியத் தொறங்கய்யா! சிஸ்டர் விழுந்துட்டாங்க! இனிப்பு ஏதாச்சும் கொண்டாங்க!”

கொண்டியைத் தூக்கினார். சிஸ்டரைப் பார்த்ததும் திட்டு நின்றது. வீங்கின காலோடு விடுதி அடுப்படிக்கு ஓடி, கருப்பட்டியைத் தண்ணீரில் நசுக்கிக்கொண்டு வந்தார். உதட்டில் தடவித் தடவி உள்ளே இறக்கினோம். கொஞ்ச நேரத்தில் நாக்கு அசைந்தது. கண் விழித்ததும் சிஸ்டர் சொன்ன முதல் வார்த்தை “ஒருசந்தி” என்பதுதான். கையால் குவளையைத் தள்ளினார்.

“ஆண்டவர் ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டாரு, வாயத் தொறங்க சிஸ்டர்” என்று சவரிமுத்து அதட்டினார். அவர் சிஸ்டரை அதட்டி அன்றுதான் கேட்டேன்.

சிஸ்டர் பிழைத்துக்கொண்டார். அடுத்த வாரம் பரீட்சை அன்று வாசலில் நின்று பிள்ளைகளுக்கு நெற்றியில் சிலுவை போட்டு உள்ளே அனுப்பினார்.

இதில் அற்புதம் என்ன என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். சாக்கு நழுவி ஏதோ சத்தம் வெளியே போயிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை இரவு உயிர்ப்புப் பூசைக்கு அவிழ்க்க நானே ஏறினேன். சாக்கு நான் கட்டியபடியே இருந்தது. முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. அரிவாளால்தான் அறுக்க முடிந்தது.

அதற்குமேல் என் பித்து என்னை விடவில்லை. மணியை எப்போது கேட்டீர்கள் என்று ஒவ்வொருவராக விசாரித்தேன். சிலுவைப்பாதையில் போன அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். கடைசியாக, பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் போனேன். அவர் கிறிஸ்தவர் இல்லை. ஆனாலும் ஒரு ஸ்தலம் வருஷாவருஷம் அவர் கடை வாசலில்தான், பானக்கமும் அவர் செலவு.

“நல்லாக் கேட்டுச்சு சார். நான் பானக்கம் ஊத்திக்கிட்டு இருந்தேன். சாமியார் முழங்கால்ல இருந்து எந்திரிச்சுட்டாரு. கோயில்புள்ளை கொதிச்சுப்போய் அப்பவே கெளம்பிட்டாரு. வெறுங்கால், சுடுமண்ணு, நெழலு நெழலா நின்னு நின்னுதான் போனாரு பாவம்.”

“அது ஒன்பதாம் ஸ்தலத்துக்கு அப்புறம்தானே அண்ணாச்சி?”

“ஒம்பது கம்மாக்கரையில. எங் கட ஏழாவது ஸ்தலம். கடை எப்படி சார் கம்மாக்கரைக்கு நடந்து போகும்?”

பங்குச் சாமியார் ஏழு என்றார். சவரிமுத்து ஏழு என்றார். விடுதிப் பிள்ளைகள் ஏழு என்றார்கள். எங்களைக் காப்பாற்ற வந்தவர் புறப்பட்டபோது, நாங்கள் இன்னும் அடைபடவே இல்லை. வெளியே, அந்த மணிக்கு நேர் கீழே, நிழலில் நின்றுகொண்டிருந்தோம். ஊரெல்லாம் கேட்ட மணி என் காதில் விழவில்லை.

சிஸ்டர் மாற்றலாகிப் போகும்முன் ஒருநாள் கேட்டேன். “எனக்கு அன்னைக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல சார்” என்று பேச்சை மாற்றிவிட்டார். சில வருஷங்களுக்குப் பிறகு அவர் காலமானார்.

முன்கூட்டியே மணியடிக்கத் தெரிந்தது எதுவோ, அதற்கு அந்தக் கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொள்ள ஏன் தெரியவில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அதைக்கூட விட்டுவிடலாம். என்னைத் தூங்கவிடாதது வேறு. ஏழாம் ஸ்தலத்தில் சிஸ்டர் சாவி தேடுவதை நிறுத்தி மேலே பார்த்தார். மணியை இறுக்கித்தானே கட்டினீர்கள் என்று என்னிடம் கேட்டார். கேட்டுவிட்டு, அந்தக் கதவைத் திறந்து, எனக்கு முன்னால் உள்ளே போனதும் அவர்தான்.