பேசினில் விழாத பூச்சிகள்

வெள்ளை எனாமல் பேசின் ஒன்று என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. விளிம்பில் மூன்று இடங்களில் பெயர்ந்து கருப்புத் தெரிகிறது. மருமகள் இரண்டு முறை பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டாள். இரண்டு முறையும் சண்டை போட்டுத் திரும்ப வாங்கினேன். யுத்த காலத்தில் ஓர் ஆடி மாதம், அதில் ஒரே இரவில் ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு பூச்சிகள் விழுந்தன. எண்ணியவன் நான். அந்த எண்ணை நம்பித்தான் என் அக்கா குடும்பம் நிலத்தை இழந்தது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. எஸ்.எஸ்.எல்.சி. தேறி, திண்டிவனத்தில் விவசாய அதிகாரி ஒருவரிடம் தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்தேன். அக்காவின் கணவரை மாமா என்று கூப்பிடுவேன். விழுப்புரம் சாலையில் நாலு காணி நிலத்தை, விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கு எடுத்து மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டிருந்தார். முந்தைய இரண்டு வருஷமும் விளைச்சல் இல்லை. இந்த முறையும் பொய்த்தால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று நிலத்துக்காரர் சொல்லியிருந்தார். வீட்டில் பிள்ளைகள் மூன்று.

நல்ல மழை ஒன்று பெய்தால் மண்ணுக்குள்ளிருந்து வெள்ளைச் சிறகுப் பூச்சிகள் கிளம்பும். அவை இடும் முட்டையிலிருந்து வரும் கம்பளிப்புழு, வயலைக் குச்சியாக்கிவிடும். மழை பெய்த அன்றே எல்லா வயலிலும் விளக்கு ஏற்றி, அடியில் தண்ணீர்ப் பேசின் வைக்க வேண்டும்; சுற்றி வரும் பூச்சி அதில் விழுந்து சாகும் என்பது அதிகாரி சொல்லிக்கொடுத்த முறை. ஆனால் மண்ணெண்ணெய் அரிதான காலம். பக்கத்து ஐந்து வயல்காரர்களும் மாமாவும் சேர்ந்து திரட்டியது ஏழு பாட்டில். ஆறு விளக்கென்றால் ஓர் இரவுக்குக்கூடக் காணாது, ஒரே ஒரு பெட்ரோமாக்ஸ் காஸ் விளக்கென்றால் நாலு இரவுக்கு வரும் என்று கணக்குப் போட்டேன். நடுவில் இருந்தது மாமாவின் வயல். அங்கேயே வைக்கச் சொன்னேன். எனக்கு அது பெருமையாகவும் இருந்தது.

பக்கத்து வயல்காரர் ஒருவர் மாமாவைச் சீண்டினார். "ஒம் மச்சான் படிச்சவன்பா. ஊருப் பூச்சியெல்லாம் ஒன் வூட்டுக்கு விருந்துக்குக் கூப்ட்டுக்கினான்."

"வரட்டும். எங்க வூட்ல சோறு இல்லன்னாலும் பேசின் நெறைய தண்ணி இருக்குது" என்றார் மாமா.

மழை பெய்தது. முதல் இரவில் பூச்சிகளும் மழை போல் வந்தன. நான் பத்துப் பத்தாகப் பொறுக்கி நோட்டில் கோடு போட்டேன். மாமா விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "மச்சான், ஒண்ணு பாத்தியா? எதுவும் வெளக்குக்கு மூஞ்சி காட்ல. முதுகக் காட்டிக்கினுதான் சுத்துது" என்றார். எண்ணிக்கை தவறிவிடும், பேசாமல் இருங்கள் என்றேன். சற்றுப் பொறுத்து, "விழுறத விட செடியில ஒக்கார்றது ஜாஸ்தியா இருக்குதே. அதையும் எண்ணு" என்றார்.

"அதுக்கு நோட்டுல கட்டம் இல்ல, மாமா."

என் ஆயுளில் நான் பேசிய வாக்கியங்களில் இதை மட்டும் திரும்ப விழுங்க முடிந்தால் போதும்.

நாலு இரவும் சேர்த்து மூவாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு. நோட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். அதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டு, மற்ற ஐந்து வயலின் கணக்கு எங்கே என்று கேட்டார். விளக்கு ஒன்றுதான் என்றேன். அவர் நோட்டை மூடிவிட்டார். திட்டவில்லை. "ஓடிப் போய் இலையைத் திருப்பிப் பார்" என்றார்.

நான் போவதற்குள் அக்கா பார்த்துவிட்டாள். இலைக்கு அடியில் கேப்பையைக் கொட்டி ஒட்டியதுபோல் முட்டைகள். ஆறு வயலின் பூச்சிகளையும் ஒரே வயலுக்கு வரவழைத்து, விழுந்ததை எண்ணிக்கொண்டு, உட்கார்ந்ததை விட்டுவிட்டிருந்தேன். மூன்று பிள்ளைகளையும் இறக்கி, ஆறு பேராக இலை கிள்ளினோம். விரல் நுனி பச்சையாகி, பிறகு வெடித்தது. இரண்டு நாளில் எழுபது வரிசை முடிந்தது. பாக்கி இருநூறுக்கு மேல். மூன்றாம் நாள் முட்டைகள் பொரிந்தன.

அடுத்த வாரம் அந்த ஐந்து வயல்காரர்களும் மண்வெட்டியோடு வந்தார்கள். புழு தங்கள் பக்கம் வராமல் இருக்க மாமாவின் வயலைச் சுற்றிப் பள்ளம் வெட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மாமாவும் ஒரு மண்வெட்டியை எடுத்து, தன் வயலைச் சுற்றித் தானே வெட்டினார். அக்கா வரப்பில் நின்று, "எம் புள்ளைங்கள எங்க கூட்டிக்கினு போறது?" என்று மட்டும் கேட்டாள். யாரைக் கேட்டாளோ தெரியாது. மண்வெட்டிகள் வெட்டிக்கொண்டே இருந்தன.

நிலம் போயிற்று. மாமா விழுப்புரம் ஜங்ஷனில் மூட்டை தூக்கினார். ஒரு மாலை அங்கே இறங்கியபோது பார்த்தேன். யுத்த விமானத்துக்கு வெளிச்சம் தெரியாதபடி கருப்புத் தகரம் கவிழ்த்த விளக்கின் கீழ் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து பக்கத்தில் இடம் கொடுத்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேலே சுற்றிய பூச்சிகளைக் காட்டி, "பாவம் மச்சான். வெளக்குதான் வானம்னு நெனச்சிக்கினு முதுகத் திருப்புது. மேல எது கீழ எதுன்னு புரியாமப் பூடுது" என்றார்.

வெகுகாலம் கழித்துப் பத்திரிகையில் ஏறக்குறைய இதையே படித்தேன். இரவில் பறக்கும் பூச்சி, வெளிச்சம் உள்ள பக்கத்தை வானம் என்று கொண்டு அதற்கு முதுகு காட்டிப் பறக்குமாம். விளக்கருகே வந்தால் அந்த வழக்கமே அதைச் சுழற்றிச் சிக்க வைக்குமாம். அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுக்க மாமா இல்லை. அக்காவும் இல்லை.

நேற்று வாசல் டியூப்லைட்டில் பதினொரு பூச்சிகள். விளக்கை அணைத்துவிட்டு உள்ளே வந்தேன். தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும், முட்டை இருந்தால் கிள்ளிப் போடக் கட்டிலுக்கு அடியிலிருந்து பேசினை இழுத்துக்கொண்டு போய், வாசல் செம்பருத்தியை ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை என்றாள் மருமகள். இன்னும் நாற்பது இலை இருக்கிறது என்றேன்.