வெள்ளைக்காரம்மாவின் அப்பாவுக்கு ஓர் இலை

என் வீட்டுக்காரர் ரங்கூனில் டாக்ஸி ஓட்டிய காலத்தில், மழை நின்று நவம்பர் வந்தால் வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்குவார்கள். ஊருக்கு வடக்கே அவர்களுடைய யுத்தக் கல்லறை இருக்கிறது. சட்டையில் சிவப்புக் காகிதப் பூவைக் குத்திக்கொண்டு அங்கே போவார்கள்.

எங்கள் வீட்டில் ஜப்பான் சண்டை என்றால் உப்பு கிடைக்கவில்லை, கட்டத் துணியில்லாமல் சாக்கைக் கட்டினோம் என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். எந்தப் பட்டாளம் எந்த ஆற்றைக் கடந்தது என்று கேட்டால் விழிப்பார்கள். வெள்ளைக்காரர்களுக்கோ ஆறு, குன்று, அன்றைக்கு மழை பெய்ததா என்பது வரை எல்லாம் தெரியும். "அவங்க ஊரு டிவியில இன்னும் சண்டை முடியலையாம், வாரம் ஒரு படம் போடுறானாம்" என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு வருடம் ஒரு வெள்ளைக்காரம்மா தனியாக வந்தார். அறுபதை நெருங்கும் வயது. அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே அவருடைய அப்பா இங்கே சண்டையில் இறந்துபோனாராம். கல்லறையில் அவர் நிற்பதைப் பார்த்து மனசு இளகிய என் வீட்டுக்காரர், "எங்க வழக்கப்படி வீட்டுல ஒரு படையல் போட்டுரலாம்" என்று சொல்லிவிட்டார். அந்தம்மாவும் உடனே சரி என்றுவிட்டார். சமைக்கப் போகிறவளிடம் யாரும் கேட்கவில்லை.

நாங்கள் அப்போது ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் போனால் பாத்திரம் குலுங்கும் வீட்டில் இருந்தோம். என் நாத்தனாரும் எங்களோடுதான் இருந்தார்.

"நாளைக்கு அவரு திதியாடா?" என்று அவர் தம்பியைக் கேட்டார்.

"இல்லக்கா. அவரு செத்தது வேற மாசம். நாளைக்கு அவங்க ஊருல எல்லாரையும் சேத்து நினைக்கிற நாளு."

"நம்ம மாளய அமாவாசை மாதிரின்னு சொல்லு. அப்ப பரவால்ல. அந்த மனுசனுக்கு என்ன பிடிக்கும்? அதையும் ஒண்ணு வைக்கணும்ல."

அதை என் வீட்டுக்காரர் கேட்டு வரவில்லை. மறுநாள் காலை, பட்டாளத்துக்காரருக்குப் பிடித்ததை வாங்கி வருகிறேன் என்று கடைத்தெருவுக்குப் போனவர், பெருமையாக ஒரு டின்னோடு வந்தார். டின்மேல் மாட்டுப் படம்.

"அடப்பாவி! மாட்டுக்கறியவா சாமி மாடத்துக்குக் கீழ வைக்கப் பாத்த?" நாத்தனார் டின்னைத் தொடாமல் முறத்தால் வாசல் பக்கம் தள்ளினார்.

அதே நேரத்தில் வெள்ளைக்காரம்மா படியேறி வந்தார். டின்னைப் பார்த்ததும் அப்படியொரு சிரிப்பு. அவருடைய அம்மா மறு கல்யாணம் செய்துகொண்டவர், முதல் புருஷனைப் பற்றிப் பேசவே மாட்டாராம். ஒன்றே ஒன்று சொல்லியிருக்கிறார்: பட்டாளத்தில் கொடுத்த இந்த டின் கறி அவருக்குக் கண்ணில் காட்டக் கூடாதாம்.

"அப்ப பிடிச்சது எது?" என்று நாத்தனார் விடவில்லை.

என் வீட்டுக்காரர் இங்கிலீஷில் கேட்டார். அந்தம்மாவின் சிரிப்பு நின்றது. அப்பா எந்தக் குன்றில் விழுந்தார் என்று படம் வரைந்து காட்டத் தெரிந்தவர், இதற்கு மட்டும் தலையை ஆட்டினார். "தெரியாதாம்" என்றார் இவர், மெதுவாக.

நான் வழக்கம்போல் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அந்தம்மா ஒரு போட்டோவை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார். தொப்பி போட்ட சின்னப் பையன். "இதுவா அப்பா? மகன்னு நினைச்சேன்" என்றார் நாத்தனார். நல்ல வேளை, அதை இவர் மொழிபெயர்க்கவில்லை.

பதினொரு மணி ஆனதும் அந்தம்மா போட்டோவுக்கு முன் விறைப்பாக நின்றார். பேச்சில்லை, அசைவில்லை. அது அவர்கள் வழக்கம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. என்னவோ ஏதோ என்று நாங்களும் நின்ற இடத்தில் நின்றோம். அடுப்பில் பாயசம் அடிப்பிடிக்கும் வாசம் வந்தது. கிளற எனக்குத் தைரியம் வரவில்லை.

பிறகு இலை போட்டோம். "பெத்த புள்ளைதான் பரிமாறணும்" என்று நாத்தனார் கரண்டியை அவர் கையில் கொடுத்தார். அந்தம்மா கரண்டியைப் பிடித்தபடி கிண்ணங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலால் ஒரு துளி சாம்பாரைத் தொட்டு வாயில் வைத்துவிட்டார்.

படைக்கும் முன் எங்கள் வீட்டில் உப்புகூடப் பார்க்க மாட்டோம். நான் நாத்தனார் முகத்தைப் பார்த்தேன்.

"ருசி பாத்தாத்தான் அப்பாவுக்குப் பிடிக்குமான்னு தெரியுமாம்" என்றார் இவர் அவசரமாக.

நாத்தனார் போட்டோவைத் திரும்பிப் பார்த்தார். "சரி, பாக்கட்டும். அவரு ரத்தம்தானே, நாக்கும் அவரு நாக்காத்தான் இருக்கும்."

சாம்பார் தேறியது. வடை தேறியது. ஊறுகாய்க்குக் கண்ணில் நீர் வந்தது, ஆனாலும் இன்னும் கொஞ்சம் எடுத்து வைத்தார். பாகற்காயைக் கடித்ததும் முகம் கோணியது.

"இது வேண்டாமாம். அவருக்குப் பிடிக்காதாம்."

அந்தம்மா அதைச் சொன்ன விதத்தில் சந்தேகமே இல்லை. பல வருடம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். திவச இலையில் பாகற்காய் இல்லாமல் விடாத என் நாத்தனார், மறுபேச்சில்லாமல் கிண்ணத்தை எடுத்து உள்ளே கொண்டுபோனார்.