எண்பத்திரண்டு விநாடி

1. வெதுருகுப்பத்தில் தையல் கடை வைத்திருக்கும் கஸ்தூரிக்கு, வயது முப்பத்தாறு, காலையில் நெஞ்சு வலி வந்தது. மயங்கி விழுந்ததில் மெஷின் விளிம்பு பட்டு நெற்றி கிழிந்தது.
2. கணவர் அவரைத் திருப்பதிக்கு, எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். ஈசிஜியில் மாரடைப்பு தெரிந்தது.
3. தலையில் அடி என்பதால், ரத்தம் கட்டாமலிருக்க ஹெப்பாரின் போடும் முன் உறையும் நேரத்தைப் பார்க்கச் சொன்னார் டியூட்டி டாக்டர். லேபில் நான் இருந்தேன்.
4. முப்பத்தைந்து விநாடிக்குள் உறைய வேண்டியது எண்பத்திரண்டு எடுத்தது.
5. மறுபடி போட்டேன். எண்பத்தொன்று.

போனில் டாக்டர் தயங்கினார். "ஏம்மா, ரத்தம் ஏற்கெனவே தண்ணியா இருக்கு. ஹெப்பாரினும் போட்டா தலைக்குள்ள கசியாதா?"

பயம் நியாயமானது. ஆனால் போடாவிட்டால் இதயக் குழாயில் அடைப்பு வளரும்.

"மிக்ஸிங் பண்ணிப் பாக்கறேன் சார். பத்து நிமிஷம்."

"ஆஞ்சியோ ரூம் ரெடியாக அவ்ளோ நேரம்தான். அதுக்குள்ள சொல்லு."

மிக்ஸிங் என்பது நோயாளியின் பிளாஸ்மாவோடு ஆரோக்கியமானவர்களின் பிளாஸ்மாவைப் பாதிக்குப் பாதி கலப்பது. ரத்தத்தில் உறைய வைக்கும் பொருள் ஏதாவது குறைந்திருந்தால், கலந்த பிளாஸ்மா அதை ஈடுகட்டி நேரம் சரியாகிவிடும். சரியாகாவிட்டால், எதுவோ தடுக்கிறது என்று பொருள். எங்கள் ஃப்ரீசரில் இருப்பது லேப் ஊழியர்கள் இருபது பேர் கொடுத்த பிளாஸ்மா. என்னுடையதும் அதில் உண்டு.

மெஷின் ஓடும்போது, வாசலில் நின்ற கணவரிடம் கேட்டேன். "அண்ணா, பல்லு புடுங்கினப்ப ரத்தம் நிக்காம போச்சா?"

"அதெல்லாம் இல்லம்மா. அன்னிக்கே கறிசோறு துன்னா."

"வேற ஏதாவது ஒடம்புக்கு?"

"ரெண்டு வருசம் முன்ன கால் வீங்கிக்கினு இருந்துச்சு. ரத்தம் கட்டிக்கிச்சுன்னு மாத்திர குடுத்தாங்கோ. சரியாப்போச்சுன்னு உட்டுட்டா." குரலைத் தாழ்த்தினார். "மூணு வாட்டி கரு கலைஞ்சிருக்கு. அதுக்கும் இதுக்கும் இன்னாம்மா?"

மெஷின் எழுபத்து நான்கு காட்டியது.

மருந்து சொல்வது என் வேலை இல்லை. மூன்றையும் வரிசையாக டாக்டரிடம் சொன்னேன்: கலந்தும் சரியாகவில்லை, காலில் ரத்தம் கட்டியிருக்கிறது, மூன்று கருச்சிதைவு.

"ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் மாதிரி இருக்கே," என்றார். "டியூப்ல மெதுவா உறையும், உடம்புல சட்டுனு கட்டிக்கும். கரு கலைஞ்சதும் அதனாலதான் இருக்கும். இப்ப எடுத்த ஸ்கேன்லயும் தலைக்குள்ள கசிவு இல்ல. ஹெப்பாரின் போடறேன்."

ஆஞ்சியோவில் அடைப்பை எடுத்தார்கள். மூன்றாம் நாள் வார்டில் ரத்தம் எடுக்கப் போனபோது கஸ்தூரியிடம் மிக்ஸிங் கதையைச் சொன்னேன்.

"இருபது பேர் சேந்தும் என்னைத் திருத்த முடியலியா?" என்று சிரித்தார். "எங்க மாமியாரும் அதத்தான் சொல்லிக்கினு கீது." பிறகு என் கோட்டின் கையைப் பிடித்து இழுத்தார். "இன்னா தையல் இது? யாரு தச்சது? கழட்டிக் குடு."

புதிதாக லேபுக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பொருந்தாத எண் வந்தால், அனுப்பிவிட்டு உட்காராதீர்கள். எழுந்து போய் நோயாளியின் ஆட்களிடம் பேசுங்கள்.

பன்னிரண்டு வாரம் கழித்துச் செய்த டெஸ்டிலும் அதே நோய் உறுதியானது. இப்போது கஸ்தூரி ரத்தம் கட்டாமலிருக்கத் தினமும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார், நிறுத்துவதில்லை. விரல்நுனியில் குத்திப் பார்க்கும் மெஷின் அவர் ரத்தம் உறையும் அளவைத் தப்பாகக் காட்டக்கூடும் என்பதால், மாதாமாதம் கை நரம்பிலிருந்து நானே எடுக்கிறேன். அந்த அளவு, ஐஎன்ஆர், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்க வேண்டும்; இந்த மாதம் 2.6. தையல் கடை திறந்திருக்கிறது.