கை போதும் என்று நான் சொன்னது

எங்கள் வார்டில் வேட்பாளரை முடிவு செய்யும் கூட்டம் என்றால் அரை மணி நேர வேலை. மேல் கமிட்டியிலிருந்து ஒருவர் வருவார், ஒரு பெயரைச் சொல்வார், யாராவது எழுந்து வழிமொழிவார்கள், எல்லோரும் கைதட்டுவார்கள். பிறகு பருப்பு வடையும் சாயாவும். கேரள எல்லையோரத்துக் குன்னத்துகாலில் தையல் கடை போட்ட காலம் தொட்டு நான் கட்சியில் இருக்கிறேன். இதற்கு மாறான ஒரு வார்டு கன்வென்ஷனைப் பார்த்ததில்லை. போன தேர்தலுக்கு முன்னால்தான் முதல்முறையாக, இந்தத் தடவை போட்டி வரலாம் என்று பேச்சு எழுந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பியவள் நான்.

வார்டு அந்த முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. நிற்க வேண்டியது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் அயல்கூட்டத்தில், பெண்கள் வாராவாரம் கூடும் சுயஉதவிக் குழுவில், ஒரு அக்கா இருந்தாள். எனக்கு உறவில்லை. அவள் மிஷன் சபைக்காரி, நாங்கள் கோவில் பக்கத்து வீடு. விடிவதற்கு முன் ஆரியங்கோட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டப் போவாள். பத்து மணிக்கு, உறைந்த பாலை உருளையில் ஷீட் அடித்துக் காயப் போட்டுவிட்டால் அதன் பிறகு அவள் நேரம் ஊருக்கு. யாருக்கு ஓய்வூதியம் நின்றுபோனாலும், யார் வீட்டில் கர்ப்பிணிக்கு வண்டி வேண்டுமென்றாலும் அக்காவின் போன்தான் அடிக்கும். தேர்தல் வந்தால் போஸ்டர் ஒட்ட மைதா மாவு காய்ச்சி வாளியோடு நடப்பாள். இத்தனை வருடத்தில் மேடையில் ஒரு நாற்காலி கூட அவளுக்கு யாரும் போட்டதில்லை.

ஒருநாள் அவள் ஷீட் அடித்துக்கொண்டிருக்கும்போது போய்ச் சொன்னேன்.

"இந்தத் தடவ நீங்க நிக்கணும் அக்கா."

அவள் உருளையைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. "எனக்கு என்னத்துக்கு மக்கா. பைபிள் தமிழில வாசிப்பேன், பேப்பர் மலையாளத்துல வாசிப்பேன். ஆபீஸ் பேச்சு எனக்கு வராது."

"அதெல்லாம் சொல்லித்தர ஆளு உண்டு."

"தோத்தா?"

"யாரு தோக்கப் போறா? கன்வென்ஷனுக்கு வாறது முழுக்க நம்ம பெண்ணுங்களாக்கும். உங்க கையால சோறு தின்னாத வீடு இந்த வார்டுல உண்டா?"

அவள் ஷீட்டை உதறிக் கொடியில் போட்டாள். சில நாள் கழித்து ஒரு மத்தியானம் கடைக்கு வந்து, பட்டன் வாங்க வந்தவள்போல நின்றாள். அப்புறம் மெதுவாக, "நீ சொல்லுகது செரின்னா எனக்க பேரச் சொல்லு" என்றாள். முகத்தில் ஒரு வெட்கமும் ஆசையும் இருந்தது. அந்த ஆசை என் பேச்சுக்குப் பிறகு வந்தது. அதற்கு முன்னால் அவளிடம் அது இருந்ததாக எனக்குத் தெரியாது.

விஷயம் வெளியே போனதும் கட்சியின் பெரியவர் என் கடைக்கு வந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார், எல்லோருக்கும் சார். பால் கூட்டுறவுச் சங்கத்திலும் இங்குள்ள மற்ற இரண்டொரு இடங்களிலும் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. எங்கள் வார்டுக்குக் கல்யாணமாகி வந்திருந்த ஒரு வக்கீல் பெண்ணை நிறுத்த மேல் கமிட்டியில் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். அந்தப் பெண்ணைப் பற்றியும் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நல்ல பிள்ளை.

சார் ஸ்டூலில் உட்கார்ந்து, "மல்சரம் வேண்டாம்" என்றார். மலையாளத்தில் அந்தச் சொல்லுக்குப் போட்டி என்றுதான் அர்த்தம். தமிழ் படித்த என் காதில் அது மாற்சரியம், அதாவது பொறாமை, என்றே எப்போதும் விழும். "ஒரு பேருதான் வரணும். ரெண்டு பேரு வந்தா கட்சி ரெண்டாவும்."

"ஓட்டுப் போட்டுத் தீத்துக்கலாமே சார். அதுக்குத்தானே கன்வென்ஷன்?"

அவர் கோபப்படவில்லை. என் மேசையில் கிடந்த இஞ்ச் டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். "ஜெயிச்சா செரி. தோத்தா அவளுக்கு எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாத்தியா? அவ நாளையும் இந்த ஊருல இருக்கவேண்டியவளாக்கும்."

அதை நான் மிரட்டல் என்று எடுத்துக்கொண்டேன். இன்று யோசிக்கும்போது அது மிரட்டலாக மட்டும் இருந்ததாகத் தோன்றவில்லை. ஆனால் அந்த மனிதர் மேல் எனக்கு வேறொரு காய்ச்சல் இருந்தது. முன்பு ஒரு கமிட்டிக் கூட்டத்தில் நான் பேச எழுந்தபோது, "நீ போய் எல்லாருக்கும் சாயா சொல்லிட்டு வா" என்று அனுப்பியவர் அவர். சாயா சொல்லிவிட்டுத் திரும்பி வந்தபோது நான் பேச நினைத்த விஷயத்தை முடிவு செய்திருந்தார்கள். அவர் சொன்ன பெயர் தோற்பதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்து எனக்குள் கிடந்தது. அக்காவுக்காக எவ்வளவு, அதற்காக எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இன்றும் என்னால் முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபை ஆராதனை முடிந்த பிறகு, மூடிக் கிடந்த ஒரு டியூட்டோரியல் வகுப்பறையில் கூட்டம் நடந்தது. அகலம் குறைந்த பிள்ளைகள் பெஞ்சில் நாங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். கரும்பலகையில் யாரோ எழுதி அழிக்காமல் விட்ட வேதியியல் சமன்பாடு இருந்தது. வக்கீல் பெண்ணின் பெயரை சார் சொன்னார். வழிமொழிந்தார்கள். நான் எழுந்து அக்காவின் பெயரைச் சொன்னேன். எனக்கு அடுத்திருந்த சபைக்காரப் பெண் வழிமொழிந்தாள். பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு வந்து அடங்கியது.

மேற்பார்வைக்கு வந்திருந்தவர் வெளியூர்க்காரர். இந்த மாதிரி ஒன்றை அவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. இரண்டு பெண்களையும் முன்னால் அழைத்து, எங்களைப் பார்த்தபடி நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பிறகு கேட்டார்: "சீட்டு எழுதிப் போடணுமா, கை தூக்குனா போதுமா?"

வக்கீல் பெண், "எனக்கு எப்படின்னாலும் செரிதான்" என்றாள். அக்கா என்னைப் பார்த்தாள்.

"கை போதும்" என்றேன். "நமக்குள்ள என்ன மறைக்க இருக்கு?"

என் கணக்கு இதுதான்: அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கையைத் தூக்காமல் இருக்க யாருக்கும் மனம் வராது. சீட்டு என்றால் ஒளிந்துகொள்ளலாம், கை என்றால் வெட்கப்படுவார்கள். அவர்கள் வெட்கத்தை அக்காவுக்குச் சாதகமாக்கலாம் என்று நினைத்தேன். முதல் பெஞ்சில் சார் உடம்பைத் திருப்பி, பின்னால் இருந்த எல்லோரையும் பார்க்கிறமாதிரி உட்கார்ந்திருந்தது என் கண்ணில் பட்டது. அதை நான் பொருட்படுத்தவில்லை.

வக்கீல் பெண்ணுக்குக் கை தூக்கச் சொன்னார்கள். முதலில் ஆண்கள் தூக்கினார்கள். பிறகு பெண்கள் பக்கத்தில் ஒன்று, அப்புறம் ஒன்று. அயல்கூட்டத்தில் வாராவாரம் அக்காவோடு ஒரே பாயில் உட்காருகிறவர்கள். சிலர் கையைத் தோளுக்கு மேல் போகாமல் தூக்கினார்கள், அது கணக்கில் வந்தால் போதும், அக்காவுக்குத் தெரியக்கூடாது என்பதுபோல. அக்கா ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலையைக் குனிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். குனியவில்லை.

அடுத்து அக்காவின் பெயர். நான் தூக்கினேன், வழிமொழிந்தவள் தூக்கினாள். அங்கங்கே சில கைகள். எண்ணிப் பார்க்கவே தேவை இருக்கவில்லை.

மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் அக்காவின் கூடப்பிறந்த தங்கை இருந்தாள். இரண்டு பேருக்கும் அப்பா பிரித்துக் கொடுத்த அடுத்தடுத்த மனைகள், நடுவில் மதில் கட்டாமல் ஒரே முற்றமாக வைத்திருந்தார்கள். அக்கா வெட்டுக்குப் போகும் நாட்களில் காலைப் பலகாரம் தங்கை வீட்டிலிருந்துதான் வரும். அந்தத் தங்கை முதல் பெயருக்கும் கை தூக்கவில்லை, இரண்டாவது பெயருக்கும் தூக்கவில்லை. மடியில் வைத்திருந்த பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்தபடி, கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அவளைப் பார்த்தாள். மற்றவர்களைப் பார்த்ததைவிட நீண்ட நேரம் பார்த்தாள்.

முடிவைச் சொன்னார்கள். அக்கா எழுந்து, குரல் கலங்காமல், "எனக்கும் இந்தப் பிள்ளதான் சம்மதம். ஒருமிச்சு நிக்கலாம்" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். சார் எழுந்து வந்து அவளிடம் ஏதோ நல்ல வார்த்தை சொன்னார். வடையைத் தட்டில் எடுத்துப் பெண்கள் பக்கம் பரிமாறியதும் அக்காதான்.

தேர்தலுக்கு அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. வக்கீல் பெண்ணைக் கூட்டிக்கொண்டு எல்லா வீட்டுப் படியும் ஏறினாள். தனக்குக் கை தூக்காதவர்கள் வீட்டுக்கும் போய், "நம்ம பிள்ளையாக்கும், பாத்துக்கணும்" என்றாள். அந்தப் பெண் ஜெயித்தாள். வெற்றி ஊர்வலத்தில் அக்காவைக் காணவில்லை. ஷீட் நனைந்துவிடும் என்று வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அன்று மழைக்கு அறிகுறி எதுவும் இல்லை.

அதன்பிறகு அயல்கூட்டத்துக்கு வருவதை அவள் நிறுத்தினாள். வேலை அதிகம் என்றாள். போன் செய்தால் உதவி செய்வாள், போய் உட்கார்ந்து பேசமாட்டாள். தன் வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் நடுவே இருந்த நடைவழியில் ரப்பர் விறகை அடுக்க ஆரம்பித்தாள். முதலில் முட்டளவு இருந்தது. பிறகு இடுப்பளவு ஆனது.

தங்கை ஒருநாள் கடைக்கு வந்தாள். வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்திருந்தாள். அவள் மகன் பால் சங்கத்தில் தற்காலிக டிரைவர். எனக்கு அது தெரியாத விஷயமல்ல. கூட்டத்தன்று என் மண்டையில் அது ஏறவில்லை, அவ்வளவுதான்.

"சார் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல்ல" என்றாள். "சொல்லவேண்டிய அவசியம் இல்லியே. முன்னால இருந்து பாத்தாரு. அக்காவுக்குத் தூக்க எனக்கு கை எழும்பல்ல. அந்தப் பெண்ணுக்குத் தூக்கவும் மனசு வரல்ல."

நான் மெஷினை நிறுத்தினேன்.

"சீட்டு எழுதச் சொல்லியிருந்தா எனக்க அக்காவுக்க பேரத்தான் எழுதியிருப்பேன். அப்பவும் அவ தோத்திருப்பா, ஆனா யாரு எழுதினா யாரு எழுதல்லன்னு அவளுக்குத் தெரியாது. நீ கை போதும்னு சொன்னது எதுக்கு?"

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். தைத்துக்கொண்டிருந்த துணியின் மடிப்பை நிமிர்த்திக்கொண்டே இருந்தேன். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

அடுத்த நாளே அக்காவைப் பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். சார் மேல் எனக்கு இருந்த கோபத்தையும் சேர்த்துச் சொன்னேன். தங்கை பயந்துதான் அப்படி இருந்தாள், மகனின் வேலைக்காகத்தான் என்றேன். அக்கா வாளியில் காய்ந்து பிடித்திருந்த ஒட்டுப்பாலை உருவி எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"அவனுக்கு வேல போகல்லியே?"

"இல்ல அக்கா."

"அப்ப செரி." உருவியதைச் சாக்கில் போட்டுவிட்டு, "அவளுக்க காரியம் எனக்கு அன்னைக்கே தெரியும் மக்கா. அவ இடத்துல நானும் அப்படித்தான் இருப்பேன். தெரிஞ்சிட்டு என்ன செய்யுகது? அவ முகத்தப் பாத்தா அந்த பெஞ்சுதான் தோணுது" என்றாள்.

"நான் சீட்டு கேட்டிருக்கணும்."

"ம்" என்றாள். இல்லை என்று சொல்வாள், அப்படி நினைக்காதே என்பாள் என்று எதிர்பார்த்துத்தான் நான் அதைச் சொல்லியிருக்கிறேன் என்பது அந்த 'ம்' காதில் விழுந்த பிறகுதான் எனக்கே புரிந்தது.

இந்த வருடம் தங்கையின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. பெண்ணின் பெரியம்மாவுக்குச் சேலை எடுப்பது முறை. தங்கை பாலராமபுரத்துக்குப் போய்க் கரை வைத்த ஒரு நல்ல கைத்தறிச் சேலை எடுத்து, ரவிக்கைத் துணியையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "அவளுக்க அளவு உங்கிட்ட உண்டு இல்லியா. தச்சு நீயே கொண்டு குடு. நான் கொண்டுபோனா வாங்குவாளோ என்னவோ." தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா சேலையை விரித்துப் பார்த்து, கரையை விரலால் தடவி, "நல்ல துணி" என்று மட்டும் சொன்னாள்.

கல்யாணத்தன்று அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். சபையில் பெண்ணின் வீட்டார் வரிசையில் நின்றாள். பந்தியில் யாருக்கு என்ன போதவில்லை என்று பார்த்துப் பார்த்துக் கேட்டாள். போட்டோ எடுக்கும்போது தங்கை அவள் தோளில் சாய்ந்து அழுதாள், அக்கா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். ஓரத்தில் நின்று பார்த்த எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கினதுபோல இருந்தது. பொதுவாகப் பந்தியில் அளவாகச் சாப்பிடுகிற நான், அன்று பாயசத்தை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குடித்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு அளவெடுக்கும் வேலையாக அந்தப் பக்கம் போனேன். நடைவழியில் விறகு அப்படியே இருந்தது. தங்கை தன் முற்றத்தில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா இந்தப் பக்கம் ஷீட்டுகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். இருவருக்கும் நடுவே சத்தம் போடாமல் பேசினாலே கேட்கும் தூரம்தான். ஒருவரும் பேசவில்லை.

அக்கா என்னைப் பார்த்து, "வா மக்கா, சாயா குடிச்சிட்டுப் போ" என்றாள். வேலை இருக்கிறது, பிறகு வாறேன் என்று சொல்லி வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.