மஞ்சள் நாடாவில் ஆறு நிமிடம்

காலை பத்து இருபதுக்குக் கொடைக்கானல் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் முதலில் என் கண்ணில் பட்டது, தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் நாடா. நீளம் முப்பது மீட்டர். இரண்டு முனையிலும் ஒரு நாற்காலி. அந்த நாடாவை ஒட்டி ஆறு நிமிடம் என் அக்கா நடந்து காட்ட வேண்டும்.

அக்கா கொடைக்கானலுக்கு மேலே போளூரில் பூண்டு போடுகிறாள். மலைப்பூண்டைக் கொத்தாகக் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு, மாதக்கணக்கில் புகை காட்டினால்தான் விதைக்கு நிற்கும். முப்பது வருடம் அந்த அடுப்படியில் இருந்தவளின் நுரையீரல் தழும்பேறிக் கெட்டியாகிக்கொண்டிருந்தது. மாத்திரைகளுக்கு நோய் கேட்கவில்லை. மதுரையிலிருந்து மாதம் ஒருமுறை மலையேறி வரும் ஆய்வுக் குழுவிடம் ஒரு புது மருந்து இருந்தது. ஆய்வகத்தில் எலிகளுக்குத் தழும்பு பரவாமல் தடுத்திருக்கிறது, மனிதர்களிடம் இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

"எலி தின்ன மிச்சமா, தம்பி?" என்றாள் அக்கா. "பரவால்ல, குடுக்கச் சொல்லு."

நான் அவள் காதில் சொன்னேன்: "வெரசா நடந்துரு, அக்கா. நல்லா நடந்தாத்தான் எடுத்துக்குவாங்க."

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து பழகிய கால்களுக்குச் சமதரை கிடைத்திருந்தது. உதடு நீலம் பாரித்தது. நிற்கவில்லை. பன்னிரண்டு நீளம், முந்நூற்றறுபது மீட்டர், நடந்தாள்.

குறித்துக்கொண்டிருந்த உதவியாளர் பெண், படிவத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். நூற்றைம்பது மீட்டருக்குக் குறைந்தால் உடம்பு மருந்தைத் தாங்காது. முந்நூற்றைம்பதைத் தாண்டினால் பலன் தெரியாது. இரண்டு வகையினரையும் சேர்ப்பதில்லை. முதல் பக்கத்தை மட்டும் நான் இரண்டு முறை படித்திருந்தேன்.

"பத்து மீட்டர்தானேங்க கூட?"

"எழுதிட்டேன், சார். மூணு மாசம் கழிச்சு இன்னும் ஒரே ஒரு தடவ பாக்கலாம். அவ்வளவுதான்."

மூச்சு திரும்பிய பிறகு அக்கா சொன்னாள்: "ஏலே, மொதல்லயே சொல்லியிருந்தா ஒக்காந்துக்கிட்டே நடந்திருப்பேனே." அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

மூன்று மாதமும் மழை. புதுப் பூண்டு அடுப்புக்கு மேல் ஏறியது. புகை ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், கொடைக்கானலில் என் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னேன்.

"வெதைப்பூண்டு மக்கிப்போகும். ஒன் வீட்டுல எனக்கு என்ன சோலி கெடக்கு?" என்றாள்.

மறு சோதனைக்குப் போகும்போது பஸ்ஸிலேயே கணக்குப் போட்டோம். எட்டு நீளம். அதற்கு மேல் ஓர் அடி வைக்கக் கூடாது. மறக்காமலிருக்க விரல் மடக்கி எண்ணிக்கொள்வதாகச் சொன்னாள். தாண்டிவிடாமல் நிறுத்துவதற்காக நான் நாடாவின் முனையில் நின்றுகொண்டேன்.

மூன்று விரல் மடங்கியிருந்தபோது அவள் மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தாள். உதவியாளர் பெண் கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள். ஆறு நிமிடம் முடிந்ததும் தொண்ணூறு என்று எழுதினாள்.