பாசி கட்டிய குறடு

சியோம்புவாவின் கம்மல் கடைக்கும் என் டயர்ச்செருப்புக் கடைக்கும் நடுவே ஒரு சாக்குதான் மறைப்பு. நைரோபியில், கரியாக்கோர் சந்தையில், அவள் வாயைத் திறந்தால் முதலில் என் காதில்தான் விழும். அன்று காலை அவள் அலறியதும், கையைக் கிழித்துக்கொண்டாளோ என்று எட்டிப் பார்த்தேன்.

"அக்கா, பித்தளைக் கம்பியில பல்லுத் தடம் விழுது!"

"குறடுன்னா பல்லு இருக்கத்தானே செய்யும்? அதுக்கா இந்தக் கத்தல்?"

"என்னோடதுலதான் பல்லே இல்லியே அக்கா!"

நகைக்குறடு வாங்கக் கட்டுப்படியாகாது என்று அவளும் புருஷன் கிலோன்சோவும் நடைபாதையில் ரெண்டு மலிவுக் குறடு வாங்கியிருந்தார்கள். ரெண்டுக்கும் ஒரே சிவப்புப் பிடி. முந்தின நாள் சாயங்காலம்தான் இவள் தன்னுடையதை அரத்தால் ராவிப் பல்லையெல்லாம் எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து மழமழவென்று ஆக்கினாள். "குறட்டுக்கு முகச்சவரமா?" என்று நான்கூடக் கிண்டல் பண்ணினேன். கிலோன்சோவுக்குப் பல் இல்லாமல் முடியாது. அவன் மாடிகளில் விளம்பரப் பலகை நிறுத்துகிறவன். மாறிவிடக் கூடாதென்று அவனுடைய பிடியில் நீலமும் வெள்ளையுமாகப் பாசிமணி கோத்துக் கட்டியிருந்தாள். பாசி இருந்தால் அவனுடையது, மொட்டையாக இருந்தால் இவளுடையது.

இப்போது இவள் கையிலிருந்த மொட்டைக் குறட்டில் பல் இருந்தது. பிடியில் அறுந்த நூல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கூட வேலை செய்யற ஆளுங்க கேலி பண்றாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. பாசிய அறுத்துட்டு, மாத்தி என்னோடத எடுத்துட்டுப் போயிட்டாரு போல. அக்கா, இன்னைக்கு நாலாவது மாடியில கம்பி இழுக்கறாரு!"

பலகையைக் கட்டும் கம்பியைக் குறட்டில் கவ்வி, உடம்பின் பாரம் முழுக்கப் பின்னால் சாய்த்து இழுப்பான். வழுக்கினால் பின்னால் தெருதான். போன் அடித்தோம், எடுக்கவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு ரெண்டு பேரும் ஒரே பொடாவில், அதான் வாடகை பைக்கில், ஏறினோம். வழியெல்லாம் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. அவள் என் தோளைப் பிய்த்துவிடுவதுபோல் பிடித்திருந்தாள். நான் பொடாக்காரனைத் திட்டித் தீர்த்தேன், பாவம்.

போய்ச் சேர்ந்தபோது கிலோன்சோ மாடி விளிம்பில், தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குறட்டில் கம்பியைக் கவ்விக்கொண்டிருந்தான்.

"யோவ்! இழுக்காதய்யா! இழுக்காத!" என்று கீழிருந்து அலறினாள் சியோம்புவா.

கீழே நின்ற ஆட்களுக்கு ஒரே சிரிப்பு. "டேய் கிலோன்சோ, குறட்டுக்குக் கம்மல் போட்டவங்க வந்திருக்காங்கடா!" என்று ஒருத்தன் மேலே பார்த்துக் கத்தினான்.

அவன் திரும்பிப் பார்த்தான். இவள் பல்லுக் குறட்டை உயரத் தூக்கிக் காட்டினாள். அவன் தன் கையிலிருந்ததைத் திறந்து பார்த்துவிட்டு, அங்கேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

வெகுநேரம் கழித்துத்தான் இறங்கி வந்தான். சட்டைப்பையிலிருந்து பாசிச்சரத்தை எடுத்து நீட்டினான்.

"தூக்கிப்போட மனசு வரல. உன்னோடதுல கட்டிக்கயேன்."

"மாட்டேன்! என்னோடது மாறினா ஒரு கம்மல் கெடும். உன்னோடது மாறினா என் வாழ்க்கையே போச்சேய்யா!" சொல்லிவிட்டு நடுத்தெருவில் ஓவென்று அழுதாள்.

அழுதுகொண்டேதான் பல்லுக் குறட்டில் பாசியைக் கட்ட உட்கார்ந்தாள். ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கட்டியதால் குறடு ஒரு இடத்தில் நிற்கவில்லை. கேலி பண்ணினவனே குனிந்து பிடித்துக்கொண்டான்.

"இறுக்கிக் கட்டுங்க, அண்ணி" என்றான்.