கேட்காமலே இடம் மாறிய கோப்புறை

ஒன்றை அழிக்கப்போனால் நிச்சயமாகவா என்று கேட்கிற கணினி, ஒன்றை இடம் மாற்றும்போது மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மகள் பிறந்த ஐந்தாவது மாதம் வேலைக்குத் திரும்பினேன். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைக்காம்பராவுக்கு நான் பொறுப்பு. கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை அங்கேதான் விட்டுப் போவார்கள். என் மகளும் அங்கேயே தொட்டிலில் தூங்குவாள். யாரோ கொடுத்த பழைய கணினி ஒன்று மேசையை அடைத்துக்கொண்டிருந்தது. திரையில் மஞ்சளாக, தோட்டத்தின் இரண்டு பிரிவுகளுக்கும் இரண்டு கோப்புறைகள்: எங்கள் மேல் டிவிசன், மலையடியில் இருக்கும் கீழ் டிவிசன். பிள்ளைகளின் எடை விபரமெல்லாம் அவற்றுக்குள். திறப்பதற்கு இரண்டு தரம் சட்டென்று அழுத்த வேண்டும். மெதுவாக அழுத்தினால் பெயரை மாற்றவா என்று நிற்கும். அழுத்தும்போது கை நகர்ந்தால் கோப்புறையும் மவுஸோடு சேர்ந்து இழுபடும். எனக்கு எப்போதும் இரண்டில் ஒன்றுதான் நடக்கும்.

அன்று மருத்துவமாது வரும் நாள். மிஸ்ஸி என்போம். எடை குறைந்த பிள்ளைகளின் பட்டியலைப் பார்த்துத்தான் அந்த மாதச் சத்துமாவுக்கு எழுதிக் கொடுப்பார். பெயர் இல்லாத பிள்ளை அடுத்த மாதம்வரை காத்திருக்க வேண்டும். அச்செடுக்கலாமென்று மேல் டிவிசனை அழுத்தினேன். கோப்புறையே காணாமல் போய்விட்டது. குப்பைத்தொட்டிப் படத்துக்குள் தேடினேன், அங்கும் இல்லை. எடை எழுதிய தாள்களை, இனி எதற்கு என்று, பால் அடுப்புப் பற்றவைக்க முதல் நாளே, எனக்கு உதவியாக இருக்கும் ஆயாவிடம் எடுத்துக் கொடுத்திருந்தேன். மறுபடி நிறுக்கலாமென்றால் தராசு கீழ் டிவிசனுக்குப் போயிருந்தது.

பத்து மணிக்குப் பால் கொடுக்க வந்த ஒரு தாய், நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டாள். அவள் பிள்ளையும் எடை குறைவு, மேல் டிவிசன். மறைக்க முடியாமல் சொன்னேன். பிள்ளையை மடியில் போட்டபடியே திரையைப் பார்த்தாள்.

"பக்கத்துல இருக்கே, அதுக்குள்ள பாத்தீங்களா டீச்சர்?"

"அது கீழ் டிவிசன்ங்க."

"இருக்கட்டுமே. புள்ளை துணி காணலைன்னா நாங்க பக்கத்து ஆணியில தொங்குற பையத்தான் மொதல்ல பாப்போம். நீங்கதானே மாத்திப் போட்டுர்றீங்க."

அடுப்படியில் ஆயா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழ் டிவிசனைத் திறந்தேன். உள்ளே மேல் டிவிசன், ஒரு பெயர் குறையாமல் இருந்தது. அதற்குப் பிறகுதான் சரியாக மூச்சு விட்டேன். மிஸ்ஸி வந்தபோது பட்டியல் தயாராக இருந்தது. அந்தத் தாயின் பிள்ளைக்கும் சத்துமா கிடைத்தது. பட்டியல் ஒழுங்காக இருக்கிறதென்று மிஸ்ஸி பாராட்டினார். நடந்ததை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று சில நாள் யோசித்தேன்.

அன்றிலிருந்து எல்லா எடையையும் ஒரு கொப்பியிலும் கையால் எழுதுகிறேன், கணினியிலும் ஏற்றுகிறேன். நேரம் இரட்டிப்பாகிறது, ஆனாலும் விட மனம் வரவில்லை. இப்படிப் பழைய கணினியோடு வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்: எதை உறுதி செய்துகொண்ட பிறகு நீங்கள் கொப்பியை நிறுத்தினீர்கள்?